‘மண்’ என்று எழுதிய பூக்கள்

அவருக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. பெயிண்ட் கடையில் முப்பத்தொரு வருடம் நின்றே வேலை பார்த்த உடம்பு. வீட்டிலும் நின்றபடியேதான் டீ குடிப்பார், செய்தி படிப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போவார். தேடினால் மொட்டை மாடியில் இருப்பார்.

“காலுல சக்கரத்தோடயே பொறந்தீங்களா?” என்று மனைவி கேட்பாள். பதில் சொல்ல அவர் அங்கே இருந்தால்தானே!

கடையில் அவருக்குத் துளியார் என்று பெயர். கம்ப்யூட்டர் பார்த்துக் கலக்கும் மெஷின் வந்த பிறகும் பழைய சுவருக்கு ஒட்டுப்போட நினைப்பவர்கள் அவரிடம்தான் வந்தார்கள். வெயிலில் வெளுத்த சுவரின் நிறம் எந்த மெஷினின் பட்டியலிலும் இருக்காது. சுவரிலிருந்து நகத்தளவு சில்லு பெயர்த்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வெள்ளை டின்னைத் திறந்து, நிறச்சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறி, அட்டையில் தடவி, விசிறிக் காயவைத்து, சில்லோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். பிறகு, “இன்னும் ஒரு துளி” என்பார். அந்த வார்த்தையே பெயராக ஒட்டிக்கொண்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்குச் சுவர் பார்க்கப் போனபோது, பால்கனித் தொட்டியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு செம்பருத்தி பூத்திருந்தது. ஓரமெல்லாம் ஆரஞ்சு, நடுவில் ரத்தச் சிவப்பு. இரண்டு வகையை ஒன்றோடொன்று சேர்த்து உண்டாக்கியது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

“பூவையும் கலக்கலாமா?” என்று கேட்டவர், போன வேலையை மறந்துவிட்டு அந்தத் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அன்று பிடித்த பைத்தியம். காலி பெயிண்ட் வாளிகளுக்குக் கடையில் பஞ்சமில்லை. அடியில் துளை போட்டு, மண் நிரப்பி, மாடியில் வரிசை கட்டினார். வேலை என்னவோ சுலபம்தான். காலையில் பூ விரிந்ததும் ஒரு பூவின் மகரந்தத்தைச் சின்ன பிரஷில் எடுத்து, இன்னொரு பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கும் ஐந்து குமிழ்களில் தடவ வேண்டும். எதோடு எதைச் சேர்த்தது என்று காம்பில் சீட்டு கட்ட வேண்டும். அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். பத்துப் பூவில் தடவினால் எட்டு உதிர்ந்துவிடும். ஒட்டிக்கொண்ட காய் முற்ற இரண்டு மாதம். விதை முளைத்துச் செடியாகி முதல் பூ வர ஒன்றரை வருடம். அந்தப் பூவும் ஒரே நாளில் சுருங்கிவிடும்.

மூன்று நிமிடம் ஒரு இடத்தில் உட்காராத மனிதர் இந்தக் காத்திருப்பில் போய் மாட்டிக்கொண்டார். காய் பிடித்ததா என்று காலையில் பார்ப்பார், பல் தேய்த்துவிட்டுப் பார்ப்பார், செருப்பு மாட்டிய பிறகு திரும்ப ஓடிப்போய்ப் பார்ப்பார். பேருந்து போய்விடும்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு நிறம். மழை இறங்குவதற்குச் சற்று முன்னால் வானம் ஒரு நிறத்துக்கு வருமே, சாம்பலில் நீலம் கலந்து, அடியில் லேசாக ஊதா ஓடி, அது. டின்னில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கலந்து தந்துவிடுவார். செடியிடம் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. ஒவ்வொரு கன்றும் முதல் பூ விடும்போது நோட்டை எடுத்துக்கொண்டு மேலே போவார். கன்றின் எண்ணைப் போட்டு, பக்கத்தில் நிறத்தை எழுதுவார். பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: மண்.

“மண்ணா? அழகா கத்தரிப்பூக் கலருல இருக்கேங்க. அதுவும் பளிச்சுனு இல்லாம, புகை மூடின மாதிரி,” என்று மனைவி ஒருமுறை சொன்னாள்.

அவள் தையல் சாமான் கடையில் இருபது வருடமாக நூல் விற்பவள். துணித்துண்டைக் காட்டினால் நானூறு கண்டுகளுக்கு நடுவில் கை நேராகப் போய் சரியான கண்டை எடுக்கும். அவர் சிரித்துவிட்டார்.

“நூல் விக்கிறவளுக்குக் கலரைப் பத்தி என்ன தெரியும்? எடுத்துப் பார்க்கறது வேற, கலந்து பார்க்கறது வேற.”

அவள் அதற்கப்புறம் பூவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மண் என்று எழுதிய செடிகளை அவர் வைத்துக்கொள்ள மாட்டார். கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பெயிண்டர், செடி கொடி என்றால் உயிரை விடுபவர். “தூக்கிப் போடறதுக்கு என்கிட்ட குடுங்கண்ணே,” என்று வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போவார். அப்படிப் பதினோரு செடி போயிற்று. நாற்பத்தொன்றாம் எண் கன்று பூத்தபோதுதான் துளியார் முதல்முறையாக நோட்டில் ‘புகை’ என்று எழுதினார். நினைத்த நிறம் முழுதாக வந்துவிடவில்லை, ஆனால் வழி தெரிந்துவிட்டது. அதற்குத் தனி நிழல், தனி உரம். இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். பிறந்ததெல்லாம் மண்ணாகவே வந்தது ஏன் என்றுதான் விளங்கவில்லை.

கடையில் தகராறு ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். அதே பெயிண்டர் ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரின் சில்லைக் கொண்டுவந்தார். வெளிர் சாம்பல். துளியார் கலந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பெயிண்டர் முகம் தொங்கிப்போய் வந்து நின்றார்.

“அண்ணே, ஒட்டு தனியா தெரியுது. நீலமா நிக்குது.”

“ஈரம் காயறதுக்கு முன்னாடி அடிச்சிருப்ப.”

“இல்லண்ணே. ரெண்டு நாள் காயவிட்டுத்தான் அடிச்சேன். டின்னையே கொண்டுவந்திருக்கேன், பாருங்க.”

துளியார் பார்த்தார். சில்லையும் பார்த்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள், முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்க்கிறார். அவருக்குச் சுருக்கென்றது.

“பிரஷ் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் எனக்குக் கலர் சொல்ல வந்துட்டான். போய் முதல்ல தொழிலக் கத்துக்க!”

பெயிண்டர் டின்னை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் கடைப் பக்கம் அவர் தலை தெரியவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று டின் திரும்பி வந்தது. முதலாளி நல்ல மனிதர். தனியாகக் கூப்பிட்டு, “கொஞ்ச நாள் கலக்கறதை விட்டுட்டு, பட்டி மாவு, பிரஷ் விக்கிற பக்கம் பாத்துக்கோங்க. கண்ணையும் ஒரு தடவை காட்டிடுங்களேன்,” என்றார். துளியாருக்கு மூக்கறுந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து முதலாளியை, மெஷினை, மருத்துவத்தை எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தார். “எறும்பு ஊர்றது தெரியுது எனக்கு! எனக்கா கண்ணு தெரியல?”

மனைவி அதைக் காதில் வாங்கிக்கொண்டே தையல் பெட்டியைத் திறந்து, பத்து நூல் கண்டுகளை மேஜைமேல் கொட்டினாள்.

“சும்மாதான இருக்கீங்க? கறுப்பைத் தனியா பிரிச்சு வைங்க.”

அவர் நின்றவாக்கிலேயே ஆறு கண்டுகளை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். அவற்றில் கறுப்பு இரண்டுதான். மூன்று கருநீலம், ஒன்று கரும்பச்சை. அவள் கண்டுகளை அள்ளிப் பெட்டியில் போட்டாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, செருப்பை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு.”

அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

இரண்டு கண்ணிலும் புரை. “வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாகிட்டே வந்திருக்கு. அதனாலதான் உங்களுக்கே தெரியல,” என்றார் டாக்டர். முதலில் வலது கண், ஒன்றரை மாதம் கழித்து இடது கண் என்று முடிவாயிற்று.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எதிரே சுவர். முந்தின நாள் வந்தபோது இளமஞ்சள் அடித்த சுவர் என்று நினைத்திருந்தார். இப்போது அது வெள்ளையாக, துவைத்து நீலம் போட்ட துணிபோல் நின்றது. இடது கண்ணை மூடினார், வெள்ளை. வலது கண்ணை மூடினார், இளமஞ்சள். மாற்றி மாற்றி மூடித் திறந்ததைப் பார்த்த நர்ஸ், “உறுத்துதா ஐயா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா,” என்றார். மறுபடியும் இடது கண்ணை மூடினார்.

வீட்டுக்கு வந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண், தூசி பக்கமே போகக்கூடாது, குனியக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாடிக் கதவின் சாவியை மனைவி இடுப்பில் செருகிக்கொண்டாள். கூண்டில் அடைபட்ட புலிபோல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். திரைச்சீலை, தலையணை உறை, சோப்பு டப்பா என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில், “ஒரே ஒரு பூவாவது பறிச்சிட்டு வாயேன்,” என்று கெஞ்சினார்.

அவள் மேலே போய் ஒரு பூவை டம்ளரில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணைக் குத்துகிற ஊதா. பிளாஸ்டிக் குடத்தின் ஊதா.

“இது எந்தச் செடி? நம்மகிட்ட இப்படி ஒண்ணு இல்லையே.”

“உங்க செல்லம்தான். நாப்பத்தொண்ணு.”

அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். அதோ, அவருடைய புகை நிறம், பதமாக, அடக்கமாக. கையை எடுத்தார். குடம்.

“இது எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சா?”

“ரெண்டு வருஷமா.”

“நீ ஏன் சொல்லல?”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையிலேயே அவருக்கு, நூல் விற்கிறவளுக்கு என்ன தெரியும் என்று தான் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்து அவளே பயந்துபோனாள்.

“கண்ணு வலிக்குதா?”

“நீ புகை மூடின மாதிரின்னு சொன்னியே, அதெல்லாம்…”

“எல்லாத்தையும்தான் குடுத்தாச்சே.”

பதினோரு செடி. ஆறு வருட உழைப்பில் உருப்படியாக வந்ததையெல்லாம் தன் கையாலேயே மண் என்று எழுதி வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அதுவும் யார் வண்டியில்!

அடுத்த நாலு நாள் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெயிண்டர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சட்டையை மாட்டுவார், கழற்றுவார். திரும்ப மாட்டுவார்.

“செடிக்காகப் போறீங்களா, அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறீங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“ரெண்டுக்கும்தான்.”

“எது முதல்ல?”

சட்டை மறுபடியும் ஆணிக்குப் போயிற்று. உண்மையில் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது செடிதான். அது அவரையே உறுத்தியது. தான் கலந்த அந்த நிறத்தை நேரில் பார்க்காமல் அந்த மனிதர் முகத்தில் விழிக்க முடியாது என்று பட்டது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், கடையின் பழைய சீட்டில் இருந்த, அந்த ஒட்டுப்போட்ட வீட்டின் விலாசத்தைத் தேடிக் கிளம்பினார்.

கதவைத் திறந்த அம்மாள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“பெயிண்ட் கடையில இருந்து வரேன்மா. போன மழைக்கு முன்னாடி உங்க கூடத்துல ஒட்டுப்போட்ட சுவரு. ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்.”

“அதையா? அதைப் பாக்க சகிக்காமத்தான் பீரோவைப் போட்டு மறைச்சு வெச்சிருக்கோம். என் மருமகள் வந்தப்ப, சுவத்துல ஜன்னல் வெச்சிருக்கீங்களான்னு கேட்டா.”

பீரோவைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள். துளியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் வலது கண்ணைப் பொத்தினார். ஒரே சுவர், ஒரே நிறம், ஒட்டுப்போட்ட அடையாளமே இல்லை. சபாஷ் என்று தோன்றும் வேலை. கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினார். சாம்பல் சுவரின் நடுவில் முழ அகலத்துக்கு நீலமாக ஒரு சதுரம். எந்தக் குழந்தையும் தொட்டுக் காட்டிவிடும்.

“உங்க பெயிண்டர் நல்ல மனுஷன். தப்பு என்னோடதுதான், மாத்தித் தரேன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னாரு. நான்தான், போதும்பா, திரும்பத் தூசி தும்பு வேணாம்னு அனுப்பிட்டேன்,” என்றாள் அந்த அம்மாள்.

“தப்பு அவரோடது இல்லம்மா,” என்றார் துளியார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயிண்டர் வீட்டுக்குப் போனார். மனைவியும் கூட வந்தாள். பெயிண்டர் வாசலில் பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியும் அதுவுமாக வந்து நின்றவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் இறுகிற்று. இருந்தாலும் எழுந்து நின்றார்.

“என்னண்ணே, கண்ணுக்கு என்ன?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவருக்கு மறந்துபோயின.

“அந்தச் சுவத்தைப் பாத்துட்டு வந்தேன். பீரோ வெச்சு மறைச்சிருக்காங்க. நீலம்தான். நீ சொன்னது சரி. என் கண்ணுலதான் கோளாறு. நாலு பேர் முன்னால உன்னை… நான் பேசினது தப்பு.”

பெயிண்டர் கையிலிருந்த பிரஷையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலண்ணே எனக்கு. பதினஞ்சு வருஷமா பிரஷ் பிடிக்கிறேன். ஒருவேளை எனக்குத்தான் தெரியலையோன்னு அப்புறம் ரெண்டு மூணு வேலையை வேணாம்னு விட்டுட்டேன்.”

துளியாருக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம்போல இருந்தது. ஓடவில்லை. நின்றார்.

பிரஷைத் துடைத்து வைத்துவிட்டு, “உள்ள வாங்க. அண்ணி, நீங்களும் வாங்க,” என்றார் பெயிண்டர்.

செடியைப் பற்றித் துளியார் கேட்கவேயில்லை. மனைவிதான் மெல்ல விசாரித்தாள். பெயிண்டர் வீடு மாறியபோது ஆறு செடி வாடிப்போனதாம். மூன்றை மாமனார் வீட்டில் வைத்தார், ஆடு தின்றுவிட்டது. “ரெண்டு இருக்கு. பின்னால வாங்க.”

பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு செடியும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. ஒன்றில் மொட்டுதான். இன்னொன்றில் அன்று காலை விரிந்த பூ ஒன்று இருந்தது. துளியார் கிட்டே போனார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். சாம்பல். அதில் நீலம். அடியில் ஊதா, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. அவர் மனதில் வைத்திருந்த நிறம் இதைவிட ஒரு துளி அடர்த்தி, அவ்வளவுதான் வித்தியாசம். இதைத்தான் அவர் மண் என்று எழுதியிருந்தார்.

“செடியை எடுத்துட்டுப் போங்கண்ணே,” என்றார் பெயிண்டர்.

“வேணாம். வேரை அசைச்சா போயிடும். பிழைக்க வெச்சது நீ. உன்கிட்டயே இருக்கட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “பூவை மட்டும் தரியா?”

டிபன் பாக்ஸில் பூவை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்கள். வழியில் ஏழெட்டு முறை மூடியைத் திறந்தார். “திறந்து திறந்து பாத்தா காத்துலயே கொட்டிடும்,” என்று அவள் பாக்ஸைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் நேராக மாடி. மண் பக்கம் போகக்கூடாது என்பதால் அவரைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டு, பிரஷை அவள் கையில் எடுத்தாள்.

“அழுத்தாத! பல்லு தேய்க்கிற மாதிரி பண்ணாத! பவுடர் ஒத்தற மாதிரி ஒத்து. ஐஞ்சுலயும் படணும். பட்டுச்சா? அந்த மூணாவதுல பட்டுச்சா?”

“நீங்க வாயை மூடினா பட்டுடும்.”

நாற்பத்தொன்றின் நாலு பூக்களில் தடவினாள். மூன்று உதிர்ந்தன. ஒன்று நின்றது.

அந்த மாதக் கடைசியில் துளியாரும் பெயிண்டரும் சேர்ந்து அந்தக் கூடத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை டாக்டர் அனுமதியோடு. நிறத்தை அவர் கலந்தார், அட்டையில் தடவிப் பெயிண்டரிடம் நீட்டினார். “நீ சொல்லு.” பெயிண்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குண்ணே,” என்றார். துளியார் மறுபேச்சுப் பேசாமல் வெள்ளையை ஊற்றினார். பீரோ பழைய இடத்துக்குப் போயிற்று.

இடது கண்ணும் நல்லபடியாக முடிந்தது. முதலாளி பழைய வேலைக்கே கூப்பிட, துளியார் வந்தார். ஆனால் ஒவ்வொரு டின்னையும் மூடுவதற்கு முன்னால் கொண்டுவந்த ஆளிடம் காட்டாமல் விடுவதில்லை. முன்பெல்லாம் நிறம் கொடுத்துவிட்டு அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். இப்போது கொடுத்தது சரியா, அங்கே எப்படி நிற்கிறதோ என்று வீடுவரை யோசித்துக்கொண்டே வந்தார். பார்வை தெளிந்தது, நிம்மதி கொஞ்சம் போய்விட்டது.

அந்த ஒரு காயில் பதினான்கு விதை. முளைத்தது ஆறு. பூக்கும் வயதுவரை தங்கியது நாலு. முதலாவது வெறும் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தவர், “எட்டு வருஷம் கழிச்சு, காட்டுல தானா பூக்கறதை நான் மாடியில பூக்க வெச்சிருக்கேன்,” என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது ரோஸ்.

நாலாவது மொட்டு விரிந்த காலையில் அவர் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தார். பதினொரு மணிக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

“பூத்துடுச்சு.”

“என்ன கலர்?”

“வந்து பாருங்க.”

“நீ சொல்லு. நீ சொல்றதைத்தான் எழுதப் போறேன்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நீங்க கேட்டது இல்லங்க. நடுவுல நல்ல ஊதா. வெளிய வர வர புகையா போயிடுது. ஓரத்துல வெள்ளை மாதிரி இருக்கு, ஆனா வெள்ளை இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு.”

எதிரே இரண்டு பேர் சில்லோடு நின்றிருந்தார்கள். அவர் அட்டையின் பின்பக்கத்தில் அவள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினார். எழுதி முடித்து ஒரு டின்னைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, “போயிட்டு வாங்க. இன்னிக்கு உங்க கையில டின்னைக் குடுத்தா வேற ஏதாவது ஆகும்,” என்றார்.

வாசலில் ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்தார். ஓரத்தில் வெள்ளை மாதிரி, ஆனால் வெள்ளை இல்லை என்றாளே, அந்த ஓரத்தை எதோடு சேர்த்தால் உள்ளே இழுக்கலாம், பெயிண்டர் வீட்டுச் செடியில் புதிதாக வந்திருக்கும் மொட்டு இந்த வாரம் விரியுமா என்று யோசித்தபடியே வேகமாக நடந்தார். பாதி வழியில் பேருந்து அவரைத் தாண்டிப் போயிற்று.